எத்தனை நிமிடம், எத்தனை கிலோ?

மலேசியாவின் பட்டர்வொர்த் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதம் நீளமானது என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"என் மகனுக்கு 1 வயது 7 மாதம். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் காய்ச்சல் அடித்தது. மருந்து கொடுத்துப் படுக்க வைத்தேன். இரவு ஒன்பது மணிவாக்கில் கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. உதடு நீலமாகிவிட்டது. கணவர் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட். மாமியார் ஓடி வந்து வாயில் ஸ்பூனைத் திணித்தார், கையில் சாவிக்கொத்தை வைத்தார், முகத்தில் தண்ணீர் அடித்தார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா தன் காடியில் ஏற்றிப் போனார். வழியிலேயே இழுப்பு நின்றது. ஆனால் பிள்ளை துவண்டு கிடந்தான். போய்விட்டான் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு மிஸி (தாதி) அவனை என்னிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, 'எத்தனை நிமிடம் இழுத்தது? எத்தனை கிலோ?' என்று கேட்டார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. எனக்கு மலாய் நன்றாக வரும். அன்று ஒரு வார்த்தைகூட வரவில்லை. 'துங்கு லுவார்' என்று என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். நாற்பது நிமிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் வார்டில் வைத்திருந்து அனுப்பினார்கள். காய்ச்சல் இழுப்புதான், பயமில்லை என்று தாளில் எழுதியிருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. இரவு முழுக்கத் தெர்மாமீட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். மாமியாரோடு பேச்சு இல்லை. இது காக்காய்வலிப்பில் கொண்டுபோய் விடும் என்று ஒரு சொந்தம் சொல்கிறது, கயிறு கட்டு என்று இன்னொரு சொந்தம் சொல்கிறது. தப்பு என்னுடையதா? திரும்ப வருமா? மூளையைப் பாதிக்குமா? பெற்ற தாயை ஏன் வெளியே தள்ளினார்கள்?"

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். குழந்தைகள் வார்டிலும் அவசரப் பிரிவிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை செய்தவள் நான். அந்தக் கதவின் உள்பக்கம் நின்றவள். உங்கள் கடிதம் வெளிப்பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பேசினால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும் என்று தோன்றுகிறது.

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. தப்பு உங்களுடையது அல்ல. நீங்கள் மருந்து கொடுத்ததில் தாமதமும் இல்லை, அளவுக் குறைவும் இல்லை. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பேருக்குக் காய்ச்சலின்போது இப்படி இழுக்கும். வளர்ந்துகொண்டிருக்கும் மூளை காய்ச்சலைத் தாங்கும் விதம் அப்படி. இது குடும்பத்தில் வருகிற ஒன்றும்கூட. மாமியாரிடம் பேச்சு இல்லை என்கிறீர்கள். பேச ஆரம்பிக்க ஒரு கேள்வி தருகிறேன்: "சின்ன வயதில் உங்கள் மகனுக்கு இப்படி வந்ததா?" அந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டு "ஆமாம், ரெண்டு தடவை" என்று சொன்ன பாட்டிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழைய பயத்தில்தான் ஸ்பூனைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள்.

திரும்ப வரலாம். ஒரு முறை வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இன்னொரு காய்ச்சலில் மறுபடியும் வருகிறது. மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்திருந்தால் அடுத்த முறை கை நடுங்காது. காக்காய்வலிப்பு பற்றி உங்கள் சொந்தம் சொன்னதைத் தள்ளி வையுங்கள். உங்கள் மகனுக்கு வந்ததுபோன்ற எளிய இழுப்பு வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர், இருவருக்குத்தான் பின்னாளில் வலிப்பு நோய் வருகிறது. இது பொதுவாக எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள வாய்ப்பைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். மூளை? பிரிட்டனில் 1970-இல் பிறந்த 14,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு இருக்கிறது. காய்ச்சல் இழுப்பு வந்த பிள்ளைகள் பத்து வயதில் படிப்பிலும் அறிவிலும் நடத்தையிலும் மற்றவர்களுக்குக் குறையாமல் இருந்தார்கள். 1998-இல் வெளிவந்த அந்த முடிவை எத்தனையோ தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன். இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

தெர்மாமீட்டரை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இழுப்பு பெரும்பாலும் காய்ச்சல் ஏறுகிற வேகத்திலேயே, சில நேரம் பிள்ளைக்குக் காய்ச்சல் இருப்பதே வீட்டுக்குத் தெரியும் முன்பே வந்துவிடும். பாரசிட்டமாலை மணி தவறாமல் கொடுத்தாலும் அடுத்த காய்ச்சலில் வரப்போகும் இழுப்பை அது தடுப்பதில்லை. ஆகவே நீங்கள் இரவு முழுக்கக் காவல் இருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். உங்களுக்கு நிம்மதி வர வேண்டும் என்று விரும்புகிறேன். மருந்து பிள்ளையின் உடம்பு வலிக்கும் சிணுங்கலுக்கும்தான், தெர்மாமீட்டரில் தெரிகிற எண்ணுக்கு அல்ல. பிள்ளை தூங்கினால் பக்கத்தில் படுத்து நீங்களும் தூங்குங்கள்.

மருந்தைப் பற்றி வேறொரு பயம் எனக்கு உண்டு. நம் ஊரில் பாரசிட்டமால் சிரப் இரண்டு விதமாக விற்கிறது. ஒன்றில் 5 மில்லியில் 120 மில்லிகிராம், மற்றொன்றில் 5 மில்லியில் 250 மில்லிகிராம். புட்டிகள் ஒன்றுபோலவே இருக்கும். பிள்ளைக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். பத்துக் கிலோ பிள்ளைக்கு 150 மில்லிகிராம் என்றால் முதல் புட்டியில் 6 மில்லிக்குச் சற்று மேல், இரண்டாவதில் 3 மில்லிதான். "எப்போதும் ஒரு மூடி" என்று ஊற்றுகிற வீடுகளில் ஒரு புட்டி தீர்ந்து வேறு புட்டி வந்த அன்று அளவு இரட்டிப்பாகிவிடும். ஒருநாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. குழந்தைக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம். டெங்கி ஊர் இது, காய்ச்சலின் காரணம் தெரியும் வரை இபுபுரோஃபெனும் வேண்டாம். டெங்கியாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

டெங்கி என்று சொன்னதும் நினைவுக்கு வருகிறது. காய்ச்சல் விட்டதும் நாம் பெருமூச்சு விடுகிறோம். டெங்கியில் அந்த நாள்தான் கண்ணை அகல வைத்திருக்க வேண்டிய நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் சில பிள்ளைகள் சரிந்துவிடுகிறார்கள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிட்டுப்போவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, கூப்பிட்டால் சுரத்தில்லாமல் திரும்பிப் பார்ப்பது இதில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இனி அந்தக் கதவுக்கு வருகிறேன்.

நீங்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தபோது, உங்கள் கையிலிருந்து அவனை வாங்கும் முன்பே அந்த மிஸி மூன்றைப் பார்த்திருப்பார். பிள்ளை பார்க்கிறானா, அழுகிறானா, உடம்பில் பிடிமானம் இருக்கிறதா. நெஞ்சு எப்படி ஏறி இறங்குகிறது. தோலின் நிறம் என்ன. இதற்குக் கருவி வேண்டாம், தொடவும் வேண்டாம், அரை நிமிடம்கூட ஆகாது. அந்தப் பார்வை கைவர எங்களுக்கு வருஷங்கள் பிடிக்கும். அவசரமில்லாதவர்கள் காத்திருக்கும் பச்சை மண்டலத்தில் வாய்விட்டு அழுகிற பிள்ளைகள் வரிசையில் இருக்க, சத்தமே இல்லாமல் துவண்டு வந்த உங்கள் பிள்ளை நேராக, உடனே கவனிக்க வேண்டியவர்களுக்கான சிவப்பு மண்டலத்துக்குப் போனான். அழுகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது. அழாத பிள்ளையைக் கண்டால்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அவர் பிடுங்கிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் மரியாதைக் குறைவு இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அது அவர் உங்கள் பிள்ளையை எல்லாருக்கும் முன்னால் நிறுத்திய வேகம்.

உள்ளே என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். பிள்ளையை ஒருக்களித்துப் போட்டு, வாயிலுள்ள எச்சிலைக் குழாயால் உறிஞ்சி எடுப்பார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். ஒரு தாதி சட்டையைக் கழற்றி உடம்பு முழுக்கத் தடிப்போ புள்ளியோ இருக்கிறதா என்று பார்ப்பார். கால் பெருவிரலில் சிவப்பு வெளிச்சம் தெரிகிற ஒரு சிறு கவ்வி மாட்டுவார்கள், இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது காட்டும். விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். சர்க்கரை இறங்கினாலும் பிள்ளைக்கு இழுக்கும். அப்படியிருந்தால் குளுக்கோஸ் ஏற்றியதும் சில நிமிடங்களில் நிற்கும், கவனிக்காமல் விட்டால் மூளைக்குக் கேடு. பிறகு, நான் ஆயிரம் தடவை செய்த ஒரு காரியம்: பிள்ளையின் நெஞ்செலும்பின் மேல் விரலை வைத்து ஐந்து விநாடி அழுத்தி எடுப்பேன். அழுத்திய இடம் வெள்ளையாகும். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். இரண்டுக்குள் சிவப்பு திரும்பிவிட்டால் இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. மூன்று, நான்கு என்று எண்ணிக்கை போனால் மிஷினில் எந்த எண் வந்தாலும் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன். பிள்ளைகளின் உடம்பு கடைசி வரை இரத்த அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும், அப்புறம் ஒரேயடியாக விழும். அந்த விரல்நுனி வெள்ளை அதற்கு வெகு முன்பே சொல்லிவிடும்.

உங்கள் மகனுக்கு இழுப்பு நின்றுவிட்டதால் அதை நிறுத்தும் மருந்து தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் ஒருவர் அந்த மருந்தை, டயசெபாமை, எடுத்துத் தயாராக வைத்திருப்பார். இழுப்பு நிற்காத பிள்ளைக்கு அதை மலவாய் வழியாகச் சிறு குழாயில் செலுத்துவோம். பெற்றவர்கள் பார்த்தால் திகைப்பார்கள். இழுத்துக்கொண்டிருக்கிற கையில் நரம்பைத் தேடுவதைவிட அது வேகமான வழி. அந்த மருந்து மூச்சையும் மந்தமாக்கக் கூடியது என்பதால் ஒரு தாதி பிள்ளையின் தலைமாட்டைவிட்டு அசைய மாட்டார். இதற்குத்தான் அந்தக் கேள்வி: எத்தனை கிலோ? பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை. பிள்ளைகளுக்கு மருந்தும் குளுக்கோஸும் குழாயின் அளவும்கூட எடையைப் பார்த்துத்தான். புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் பத்து மடங்கு. அதனால்தான் டாக்டர் சொன்ன அளவை நாங்கள் சத்தமாகத் திருப்பிச் சொல்வோம், இரண்டு பேர் புட்டியையும் சிரிஞ்சையும் பார்ப்போம். வெளியே கேட்டால் சண்டைபோல இருக்கும்.

நீங்கள் எடையைச் சொல்லாததால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எங்களிடம் வழி இருக்கிறது. வயதோடு நாலைக் கூட்டி இரண்டால் பெருக்குவோம், ஒன்றரை வயதுக்குப் பதினொரு கிலோ என்று வரும். பிள்ளையின் பக்கத்தில் நீட்டி வைக்கும் நிறப்பட்டை நாடா ஒன்றும் உண்டு. தலையிலிருந்து பாதம் வரை அளந்தால் பாதம் விழுகிற நிறத்தில் மருந்தளவுகள் அச்சிட்டிருக்கும். ஆனால் எல்லாம் மதிப்பீடு. கிளினிக்கில் போன வாரம் நிறுத்த எடையைத் தாய் சொன்னால் அதற்கு ஈடில்லை.

எத்தனை நிமிடம் என்பதும் அப்படியே. அதைச் சொல்ல உங்களைத் தவிர இந்த உலகத்தில் யாருமில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டிய இழுப்பு தானாக நிற்பது குறைவு, மருந்து வேண்டும். பதினைந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, ஒரே நாளில் இரண்டாவது முறை வந்தாலோ அது எளிய இழுப்பு அல்ல. மூளைக்காய்ச்சல் வரை யோசிக்க வேண்டும், பரிசோதனைகள் கூடும். நீங்கள் பார்த்த அந்தச் சில நிமிடங்களை எந்த ஸ்கேனும் திருப்பிக் காட்டாது. அதனால்தான் அந்த மிஸி உங்களிடம் கேட்டார். உங்களைக் குற்றம் சாட்ட அல்ல.

இப்போது அந்த நாற்பது நிமிடம்.

இதில் நான் எங்கள் ஆட்கள் பக்கம் நிற்கப்போவதில்லை. உங்களுக்கு அநியாயம் நடந்திருக்கிறது. உள்ளே வேலை எவ்வளவு மும்முரமாக இருந்தாலும் ஒரு வாய் வெளியே வந்து, "மூச்சு விடுகிறான், தூங்குகிறான், சர்க்கரை பார்க்கிறோம்" என்று சொல்லப் பத்து விநாடி போதும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தகப்பனார். நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும். மூச்சுத்திணறலோடு எட்டு மாதக் கைப்பிள்ளையைக் கொண்டுவந்தார். வெளியே நில்லுங்கள் என்று நான்தான் சொன்னேன். நான்தான் கதவைச் சாத்தினேன். உள்ளே நாங்கள் நாலு பேர், பிள்ளை மெல்லத் தேறினான். ஒவ்வொருவரும் மற்றவர் போய்ச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். ஐம்பது நிமிடம் கழித்து வேறு எதற்கோ வெளியே வந்தபோது அவர் சுவரோரமாக நின்றார். ஒரு கையைச் சட்டைக்குள் விட்டு அக்குளில் எதையோ அழுத்திப் பிடித்திருந்தார். பால் புட்டி. சூடு ஆறிவிடக்கூடாது என்று வைத்திருந்தார். "பிள்ளை நல்லா இருக்கான்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். "செத்துட்டான்னு நினைச்சேன் மிஸி. ஆனாலும் எதுக்கும் இருக்கட்டும்னு வச்சிருந்தேன்" என்றார். அந்தப் புட்டியை அவர் கையிலிருந்து வாங்கியபோது அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதற்குப் பிறகு நான் பொறுப்பிலிருந்த எந்த ஷிஃப்டிலும் பெற்றவர்களிடம் போய்ப் பேச இன்னார் என்று முதலிலேயே பெயர் சொல்லி வைக்காமல் வேலையைத் தொடங்கியதில்லை.

பெற்றோரை உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு புதிதல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபூட் மருத்துவமனையில் 1982-இலேயே உயிர் மீட்கும் சிகிச்சையின்போது குடும்பத்தாரை அருகே நிற்க விட்டார்கள். 1993-இல் அந்த நாட்டின் அவசரப் பிரிவுத் தாதியர் சங்கம் அதை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. முதலில் குரல் கொடுத்தவர்களில் தாதியர் முன்னே நின்றார்கள் என்பதில் எனக்குப் பெருமை. என் அனுபவத்தில் காலருகே நிற்கும் தாய் எங்கள் கையைத் தடுத்ததில்லை. தாய்க்கு என்ன நடக்கிறது என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால்தான் கூச்சலும் மயக்கமும். சில அறைகளில் உண்மையிலேயே இடம் இருக்காது, சில நேரம் வெளியே நிற்பதே நல்லது. ஆனால் கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை. அந்த நேரத்தில் வாய் வராது என்பதால் இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "போலே சாயா பெர்டிரி டெக்காட் காக்கி டியா? சாயா தாக் காச்சாவ்." அவன் காலருகே நிற்கட்டுமா, தொந்தரவு செய்யமாட்டேன் என்று அர்த்தம். வேண்டாம் என்றால், "சியாப்பா அக்கான் பெரித்தாவ் சாயா?" என்று கேளுங்கள். எனக்கு யார் வந்து சொல்வார்கள்? பெயர் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடந்ததை ஆஸ்பத்திரியின் புகார்ப் பகுதிக்கு நிதானமாக எழுதுங்கள் என்றும் சொல்வேன். அந்த மிஸியைத் தண்டிக்க அல்ல. அடுத்த தாய்க்கு ஒருவர் வெளியே வருவதற்காக.

அடுத்த முறை இழுத்தால் முதல் வேலை கடிகாரத்தைப் பார்ப்பது. "ஒன்பது பத்து" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னால் மறக்காது. பிள்ளையைத் தரையில் பாயிலோ துணியிலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் தானாக வெளியே வடியட்டும். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வீட்டில் இன்னொருவர் இருந்தால் கைத்தொலைபேசியில் படம் எடுக்கட்டும், டாக்டருக்கு அது பெரிய உதவி. ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் 999. நின்ற பிறகும் மூச்சு சரியாக வரவில்லை, நீலம் மாறவில்லை, மறுபடி இழுக்கிறது, விழிப்பு திரும்பவில்லை என்றாலும் 999, உடனே. போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். நீங்கள் மாடி ஃப்ளாட்டில் இருந்தால் ஒருவர் கீழே போய் ஜாகாவிடம் (காவலாளியிடம்) சொல்லி லிஃப்டைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இதில் போகிற நிமிடங்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உங்களுக்குப் பிடித்த டாக்டர் பினாங்குத் தீவில் இருக்கிறார் என்று பாலம் கடக்காதீர்கள். கரையில் எது பக்கமோ அது.

இழுப்பு நின்றதும் பிள்ளை துவண்டு தூங்குவான். அன்று அவன் போய்விட்டான் என்று நீங்கள் நினைத்தது அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான். களைத்த மூளையின் உறக்கம் அது. ஒருக்களித்தபடியே விட்டு மூச்சைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மெல்லத் தெளிய வேண்டும். எளிதாக நின்றுவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள், காய்ச்சலுக்குக் காரணம் தெரிய வேண்டும்.

ஸ்பூன் கூடாது. எதையும் வாயில் வைக்கக் கூடாது, விரலையும்கூட. நாக்கை யாரும் விழுங்குவதில்லை. பல் உடைந்து மூச்சுக்குழாயில் போகும். இழுக்கிற பிள்ளையின் தாடைக்கு எவ்வளவு பலம் இருக்கும் என்பதை, பேத்தியின் வாயில் விரல் விட்டு நகம் பிளந்து அவளோடு சேர்ந்து தையல் போட வந்த ஒரு பாட்டியிடம் கண்டேன். சாவிக்கொத்தால் தீமை இல்லை, நன்மையும் இல்லை. ஆனால் அதைத் தேடுகிற நேரத்தில் கடிகாரத்தைப் பார்க்கலாம். இதையெல்லாம் மாமியாரிடம் சண்டையாகச் சொல்லாதீர்கள். அவருடைய காலத்தில் தோட்டத்தில் ஆஸ்பத்திரி எங்கே இருந்தது, காடி எங்கே இருந்தது? அவருக்குத் தெரிந்த ஒன்றை அவர் கை நடுங்காமல் செய்தார். அடுத்த முறை அவருக்கு வேலை கொடுங்கள்: நேரம் பார்ப்பது அவர் பொறுப்பு. செம்பிறைச் சங்கமும் செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துகிறார்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பொம்மையின் நெஞ்சை அழுத்திப் பழகிய பாட்டிமாரைப் பார்த்திருக்கிறேன், இளசுகளைவிட நன்றாகச் செய்வார்கள்.

கயிறு கட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறி நானும் என் வார்டுப் பிள்ளைகளுக்காக வேண்டிக்கொண்டவள்தான். கையில் தளர்வாகக் கட்டுங்கள். கழுத்தில் வேண்டாம், தொட்டில் கம்பியில் மாட்டினால் இறுக்கும். மயங்கிக் கிடக்கிற பிள்ளையின் வாயில் விபூதித் தண்ணீரோ தேனோ எதுவும் ஊற்றக் கூடாது, நேராக நுரையீரலுக்குப் போகும்.

கடிதத்தின் கடைசியில், மீண்டும் வேலைக்குப் போகலாமா, பிள்ளையைப் பராமரிப்பாளரிடம் விடலாமா என்று சிறிய எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். போங்கள். ஆனால் பராமரிப்பாளரிடம் மறைக்காதீர்கள். இது தெரிந்தால் பிள்ளையை எடுத்துக்கொள்ள மாட்டார்களோ என்று பல தாய்மார் மறைக்கிறார்கள். ஒரு தாளில் மலாயில் எழுதிக் கொடுங்கள்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, எடை, ஒவ்வாமை, முன்பு காய்ச்சலில் சாவான் (மலாயில் இழுப்பு) வந்திருக்கிறது, வந்தால் ஒருக்களித்துப் போட்டு நேரம் பார், வாயில் எதுவும் வைக்காதே, ஐந்து நிமிடம் என்றால் 999, அப்புறம் என் நம்பர். அதே தாளின் இன்னொரு நகல் உங்கள் ஐஸ்பெட்டிக் கதவில் இருக்கட்டும். கிளினிக்குக்கு ஒவ்வொரு முறை போய் வந்ததும் பழைய எடையை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள், பக்கத்தில் தேதியோடு.